மேல்பக்கமாய் ஆடிய மீராசா

மீராசா எங்கள் வைத்தியசாலைக்கு முதன்முதலில் வந்தது வயிற்றெரிவுக்காக. 1954ஆம் ஆண்டு. அணைக்கட்டுத் திட்டத்துக்காகக் காட்டை வெட்டி எழுப்பிய ஊரில் நான் அப்போது தாதியாக இருந்தேன். அவர் திட்டத்தின் களஞ்சியப் பொறுப்பாளர். 'ஸ்டோர் மீராசா' என்றால்தான் ஊரில் தெரியும். ஐம்பதைத் தாண்டிய மெலிந்த மனிதர். சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை பூட்டியிருப்பார். டொக்டர் வயிற்றை அமுக்கிப் பார்த்தார், நாக்கை நீட்டச் சொல்லிப் பார்த்தார், ஒன்றுமில்லை என்றார். நான் வெள்ளை மருந்து ஒரு போத்தல் கலந்து கொடுத்தேன். அடுத்த புதன்கிழமை காலிப் போத்தலோடு வந்தார். அதற்கடுத்த புதனும் வந்தார்.

மூன்றாம் முறை வந்தபோது கேட்டேன்.

"என்ன சாப்பிடுறீங்க?"

"சோறும் மீனும்தான் மிஸ்."

"ஆரு சமைக்கிற?"

"நான்தான்."

"ஆரோட இருந்து சாப்பிடுறீங்க?"

"சுவரோட," என்றார். "அது ஒண்டும் கேக்கிறல்ல. நல்ல சுவர்."

தனியே சாப்பிடுகிற ஆண்கள் பலரை நான் வார்ட்டில் பார்த்திருக்கிறேன். ஒரு பிடியை மென்று முடிக்கமுதல் அடுத்த பிடியைத் திணிப்பார்கள். கதைக்க ஆளில்லாவிட்டால் வாய்க்கு வேறு வேலையில்லை. வயிறு எரியாமல் என்ன செய்யும்?

அவர் கிழக்குக் கரைச் சாய்ந்தமருதுக்காரர். மனைவி நபீஸா இரண்டு வருடங்களுக்குமுன் மௌத்தாகியிருந்தார். ஒரே மகள் சுஹறா. எங்கள் கரையோரத்து ஊர்களில் வீடு பெண்ணுக்குச் சேரும். மகளுக்குக் கலியாணமானால் மருமகன் அந்த வீட்டுக்கு வருவார். தாயும் தகப்பனும் அதே வளவில் சின்னதாக இன்னொரு வீடு போட்டுக்கொண்டு ஒதுங்குவார்கள். மனைவி இல்லாத தகப்பன் எங்கே ஒதுங்குவது என்று வழக்கம் தெளிவாகச் சொல்லவில்லை. மீராசா வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகைக்கு பஸ் ஏறி ஊருக்குப் போவார். வேலியடியில் நின்று இருமிவிட்டுத்தான் உள்ளே போவார். மருமகன் ஜவுபர் கல்முனைக் கடைத்தெருவில் துணிக்கடை வைத்திருந்தார். குறை சொல்ல முடியாத பிள்ளை. மாமனாரைக் கண்டதும் கதிரையை விட்டு எழுந்துவிடுவார், அவர் இருக்கும்வரை உட்காரமாட்டார். தான் கட்டிய வீட்டில் ஒருவன் தனக்காக நின்றுகொண்டேயிருப்பதை எவ்வளவு நேரம் பார்த்திருக்க முடியும்? ஜும்ஆ முடிந்து, மகள் போட்ட சோற்றைச் சாப்பிட்டுவிட்டு, அடுத்த பஸ்ஸில் திட்டத்துக்குத் திரும்பிவிடுவார். சனியும் ஞாயிறும் குவாட்டர்ஸில் கதவைப் பூட்டிக்கொண்டு கிடப்பார்.

டொக்டர் அவரை நடக்கச் சொன்னார்.

"சும்மா நடந்தா சனம் என்ன நினைக்கும் டொக்டர்? பைத்தியம் எண்டு நினைக்கும்."

"அப்ப கையில ஒண்டைப் புடிச்சுக்கொண்டு நடங்க," என்று டொக்டர் தன் பழைய கோல்ப் மட்டைகள் நாலைந்தைப் பையோடு கொடுத்துவிட்டார்.

திட்டத்தில் ஒரு கோல்ப் திடல் இருந்தது. அணை கட்ட வந்த வெள்ளைக்காரர்கள் போகுமுன் தங்களுக்காக வெட்டியது. ஒன்பது குழி. அவர்கள் போனபிறகு உத்தியோகத்தர் கிளப் அதை எடுத்துக்கொண்டது. குழியைச் சுற்றிப் புல் வளர்க்கத் தண்ணீர் காணாது என்று எண்ணெய் கலந்த மணலைப் போட்டு அழுத்தியிருந்தார்கள். கறுப்பாக இருக்கும். ஆனாலும் எல்லோரும் அதைக் 'கிறீன்' என்றுதான் சொன்னார்கள். மாடுகள் குறுக்கே போகும். மரமுந்திரி மரங்களும் மணல் பள்ளங்களும் உண்டு. கடைசிக் குழிக்கு முன்னால் வயலுக்குப் போகிற வாய்க்கால் ஒன்று வளைந்து கிடந்தது.

ஊர் பஸ்ஸில் இந்தச் செய்தி பரவ அதிக நாள் எடுக்கவில்லை.

"மாமா, போன கிழமை எத்தின குழி?" என்று பின் சீட்டிலிருந்து யாராவது கேட்பார்கள்.

"ஒம்பது."

"யா அல்லாஹ்! ஒரு நாளைக்கு ஒம்பது மையத்தா?"

பஸ் முழுக்கச் சிரிக்கும். எங்கள் பக்கம் குழி என்றால் முதலில் மையத்தை அடக்குகிற கபுறுதான் நினைவுக்கு வரும். மீராசாவும் சிரிப்பார். "உங்களுக்கும் ஒண்டு பாத்து வெச்சிரிக்கன்," என்பார். கொஞ்சம் நேரம் அவரோடு ஆட்கள் கதைப்பார்கள். அவருக்கு அது பிடித்திருந்தது என்று நினைக்கிறேன்.

அவர் நன்றாக ஆடினார் என்று சொல்லமாட்டேன். டொக்டரும் சொன்னதில்லை. கையில் பலமில்லை, பந்து தூரம் போகாது. ஆனால் தொலையாது. களஞ்சியத்தில் எப்படியோ திடலிலும் அப்படித்தான். கொழும்பு லொறி ஒருநாள் நேரத்துக்கு வந்ததை நம்பி சீமெந்தைக் கணக்கிட்டால் வேலை நின்றுவிடும். வழமையாக எத்தனை நாள் பிந்துமோ அதை வைத்துத்தான் அவர் ஓடர் எழுதுவார். பந்தையும் அவர் தன் மிக நல்ல அடியை நினைத்து அடிக்கவில்லை. வழமையாக எவ்வளவு தூரம் போகுமோ அதை நினைத்து அடித்தார். பள்ளம் ஒருபக்கம் இருந்தால் மற்றப்பக்கம் பார்த்து நிற்பார். மரத்துக்குள் போனால், இடைவெளிக்குள்ளால் குழியைப் பார்க்கமாட்டார். கிட்டிய வெளிக்குப் பந்தைத் தட்டி எடுத்துவிட்டு, ஒரு அடி போனது போனதுதான் என்று நடப்பார்.

அழகரெத்தினம் இதற்கு நேர் எதிர். திட்டத்துக்குப் படம் வரைகிற கந்தோரில் வேலை. வடக்கே பருத்தித்துறைக்காரர். முப்பத்தைந்து வயதிருக்கும். மனைவி பிள்ளைகள் ஊரில். நல்ல உயரம், நல்ல தோள், ஓயாத வாய். பந்தை அடித்தால் காகம் கலையும். எங்கே போகும் என்பது அவருக்கும் தெரியாது, பந்துக்கும் தெரியாது.

கிளப்பில் வருடாவருடம் சோடிப் போட்டி ஒன்று வைப்பார்கள். இரண்டு பேருக்கு ஒரே பந்து. ஒருவர் அடிக்க, அது கிடக்கும் இடத்திலிருந்து மற்றவர் அடிக்கவேண்டும். பிறகு மறுபடி முதலாமவர். எந்தக் குழியைக் குறைந்த அடியில் முடிக்கிறார்களோ அந்தக் குழி அந்தச் சோடிக்கு. சீட்டுக் குலுக்கிப் போட்டதில் மீராசாவும் அழகரெத்தினமும் சோடியானார்கள். பயிற்சிக்கென்று ஞாயிறுகளில் சேர்ந்து ஆடத் தொடங்கினார்கள்.

"காக்கா, அந்தப் பள்ளத்துக்கு அங்கால அடிக்கலாமே?" என்பார் அழகரெத்தினம். அண்ணன் என்பதற்குக் கிழக்கில் வந்து பழகிய முறை அது. மீராசாவைக் காக்கா என்றுதான் கூப்பிடுவார்.

"அடிக்கலாம். போன ஞாயிறு போனதா?"

"ஒருக்காப் போனது."

"எத்தினை தரம் அடிச்சு?"

"ஏன் காக்கா அதெல்லாம் கேக்கிறியள்? போனதோ இல்லையோ?"

மீராசாவுக்கு இந்தச் சோடி ஆட்டம் பிடித்துப்போனது. அவருடைய ஆட்டத்துக்கே பொருத்தமானது அதுதான். தன் அடியை முடிவு செய்யுமுன், அடுத்தவர் எங்கே நிற்கவேண்டியிருக்கும் என்று பார்ப்பார். அழகரெத்தினத்துக்கு மணலுக்குள்ளிருந்து அடிக்க வராது, சரிவிலிருந்தும் வராது. மட்டமான தரையும் முழு அடிக்கு இடமும் கொடுத்தால் அவர் ராசா. ஆகவே மீராசா மணல் பக்கமே போகமாட்டார். கிட்டப் போகக்கூடிய இடத்திலும் வேண்டுமென்றே தள்ளி நிறுத்துவார், அழகரெத்தினம் கையைச் சுருக்காமல் அடிக்கட்டும் என்று.

"காக்கா முட்டைக்கூடை கொண்டுபோற மாதிரி ஆடுறார்," என்று அழகரெத்தினம் கிளப்பில் சொல்லிச் சிரிப்பார். அதில் நியாயமும் இருந்தது. காற்று முதுகில் அடிக்கிற நாளிலும் மீராசா அதே குட்டை அடிதான்.

ஞாயிறுகளில் மட்டும் மீராசா இரண்டு பேருக்குச் சமைத்தார். ஆட்டம் முடிந்து கடைசிக் குழிக்குப் பக்கத்து மதகில் இருந்து சாப்பிடுவார்கள். அழகரெத்தினம் ஒடியல் கூழைப் பற்றிக் கதைப்பார், பிள்ளைகளின் படிப்பைப் பற்றிக் கதைப்பார், கந்தோரில் நடந்ததைப் பற்றிக் கதைப்பார். மீராசா கேட்டுக்கொண்டு மெதுவாகச் சாப்பிடுவார். ஏழெட்டு மாதமாக வயிற்றெரிவு என்று அவர் எங்களிடம் வரவில்லை. வேறு மருந்து எதுவும் கொடுக்கப்படவில்லை என்பதால் காரணம் அதுதான் என்று எடுத்துக்கொண்டேன்.

பிறகு ஒரு புதன்கிழமை போத்தலோடு வந்து நின்றார்.

"என்ன, திரும்ப எரியுதா?"

"எரியுது மிஸ்."

காரணத்தையும் சொன்னார். எங்கள் டொக்டருக்கு இடமாற்றம் வந்திருந்தது. டொக்டர்தான் சோடிப் போட்டியில் பெரிய என்ஜினியரின் சோடி. அவர் போனால் என்ஜினியருக்கு ஆளில்லை. அழகரெத்தினத்தைக் கேட்டிருக்கிறார். அவரோடு சோடி என்றால் சும்மா இல்லை. நுவரெலியாவுக்கும் கொழும்புக்கும் போட்டிக்குக் காரில் கூட்டிப்போவார். அழகரெத்தினம் நுவரெலியாவைக் கண்டதே கிடையாது.

"அழகரெத்தினம் என்ன சொன்ன?"

"சனிக்கிழமை கடைசிப் போட்டி. எங்களுக்கு எதிர் அவங்கதான், பெரிய என்ஜினியரும் நம்மட டொக்டரும். 'வெண்டால் வாற வருசமும் உங்களோடதான் காக்கா. தோத்தால் நான் அங்கால போறன், கோவிக்காதேங்கோ' எண்டு சொல்லிட்டார்."

"நேரா முகத்துக்குச் சொல்லியிருக்கிறார். நல்ல மனுசன்தானே."

"ஓம். நல்ல மனுசன்தான். கெட்டவன் எண்டா போனாப் போகட்டும் எண்டு இருந்திருப்பன்."

போத்தலை நிரப்பிக் கொடுத்தேன்.

சனிக்கிழமை நடந்ததை டொக்டர் திங்கள் காலையில் கை கழுவிக்கொண்டே சொன்னார். அவருக்குத் தெரியாததை மீராசா புதன்கிழமை சொன்னார். இரண்டையும் சேர்த்து எழுதுகிறேன்.

ஐந்தாம் குழியில் அழகரெத்தினம் அடித்த பந்து மரமுந்திரிக்குள் போய்விட்டது. இரண்டு மரங்களுக்கு நடுவில் கிறீன் தெரிந்தது. அழகரெத்தினம் அந்த இடைவெளியைக் கையால் காட்டிக்கொண்டு நின்றார். மீராசா பார்த்தார், திரும்பி நின்றார், பந்தைப் பக்கவாட்டில் வெளியே தட்டினார். "ஐயோ காக்கா!" என்று அழகரெத்தினம் தலையில் கைவைத்தார். ஆனால் எதிர்ப்பக்கத்துப் பந்தும் அதே மரங்களுக்குள் போக, பெரிய என்ஜினியர் இடைவெளிக்குள்ளால் அடிக்கப்பார்த்து, பந்து மரத்தில் பட்டு அவர் காலடிக்கே திரும்பி வந்தது. அந்தக் குழி மீராசா பக்கத்துக்கு.

ஏழாம் குழி மறுபக்கத்துக்குப் போனது. அதற்கு மீராசாதான் காரணம். காற்று அவருக்குச் சாதகம், நேரே அடித்திருந்தால் கிறீனில் விழுந்திருக்கும். அவர் பழக்கப்படி குட்டையாக நிறுத்தினார். டொக்டர் காற்றை வைத்து அடித்துக் கிறீனில் போட்டார். அழகரெத்தினம் ஒன்றும் பேசாமல் நடந்தார். அவர் பேசாமல் நடப்பது மீராசாவுக்குப் புதிது.

கடைசிக் குழிக்கு வரும்போது இரு பக்கமும் சமம்.

அந்தக் குழி வடக்குப் பார்த்து ஓடும். நேர்கோட்டில் போனால் வாய்க்கால் குறுக்கே அகலமாக வளைந்து கிடக்கும். இடப்பக்கம், மேற்கால் சுற்றிப் போனால் தண்ணீரில்லை, தூரம்தான் கூட. அன்று கச்சான் வீசியது. மேற்கிலிருந்து வருகிற அந்த அனல்காற்று பந்தைக் கிழக்கே, தண்ணீர்ப் பக்கம் தள்ளும். டொக்டர் நன்றாக மேற்கே பார்த்து அடித்தார். பந்து நல்ல தரையில் போய்க் கிடந்தது.

அழகரெத்தினம் அடிக்கவேண்டிய முறை. நேரம் மிச்சப்பட, அடுத்த அடிக்காரரான மீராசா இரண்டு பைகளையும் இரண்டு தோளிலும் மாட்டிப் பிடித்துக்கொண்டு முன்னே போய் வாய்க்காலுக்குக் கிட்ட நின்றார். அழகரெத்தினம் மட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தார், மேற்கைப் பார்த்தார், கத்தினார்.

"காக்கா! எப்பிடி?"

"மேலால!" என்று மீராசா கத்தினார். "தம்பி, மேலால!"

எங்கள் ஊர்களில் கடல் இருக்கிற கிழக்குக் கீழ், வயல் இருக்கிற மேற்கு மேல். 'மேலால போ' என்றால் மேற்குப் பக்கத்து ஒழுங்கையால் போ என்பது சின்னப்பிள்ளைக்கும் தெரியும். மீராசா சொன்னது அதைத்தான். மேற்கே பார்த்து அடி, கச்சான் பந்தைத் திருப்பிக் கொண்டுவரும் என்று. பருத்தித்துறைக்காரருக்கு மேலால என்றால் மேலே. தண்ணீருக்கு மேலே. மற்ற நாட்களில் மீராசா பக்கத்தில் நின்று கையைக் காட்டிவிடுவார். அதனால் ஒரே சொல் இருவருக்கும் வேறுவேறாக இருந்தது அதுவரை வெளிவரவில்லை. அன்று அவருடைய இரண்டு கையிலும் பைகள்.

அழகரெத்தினம் தண்ணீருக்கு நேரே திரும்பி நிற்பதைக் கண்டதும் மீராசாவுக்கு விளங்கிவிட்டது. பைகளைக் கீழே போடுமுன் பந்து பறந்துவிட்டது. அது கச்சானுக்குக் கீழால் தாழ்வாகப் போய், வாய்க்காலைத் தாண்டி, அங்கால் கரையில் குதித்து, கிறீனுக்குக் கிட்டப்போய் நின்றது. அப்படி ஒரு அடியை அந்தத் திடலில் தான் கண்டதில்லை என்றார் டொக்டர்.

மீராசா வாய்க்காலைச் சுற்றிப் பந்தடிக்குப் போனார். குட்டை அடி அவருக்குக் கைவந்தது. பந்தைக் குழிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார். அழகரெத்தினம் தட்டிப் போட்டார். எதிர்ப்பக்கத்துக்கு இன்னும் ஒரு அடி தேவைப்பட்டது.

அழகரெத்தினம் ஓடிவந்து அவரைக் கட்டிப்பிடித்தார்.

"காக்கா! நீங்களே மேலால எண்டு கத்தினியள்! நீங்கள்! எனக்கு ஒரு துளி பயமும் வரேல்லை, தெரியுமோ? இவ்வளவு யோசிக்கிற மனுசன் போகும் எண்டு சொன்னால் போகும்தானே எண்டு நினைச்சன். கையைச் சுருக்காமல் அடிச்சன்."

மீராசா வாயைத் திறந்தார். அதற்குள் பெரிய என்ஜினியர் கைகொடுக்க வந்துவிட்டார். கிளப்பில் அழகரெத்தினம் ஒவ்வொரு மேசையாகப் போய்ச் சொன்னார்: காக்கா சொன்னார், மேலால என்று, காக்காவே சொன்னார். ஆட்கள் மீராசாவின் முதுகில் தட்டினார்கள். சோடா வாங்கிக் கொடுத்தார்கள். அவரைச் சுற்றி அவ்வளவு பேர் இருந்தது மனைவி நபீஸாவை அடக்கிய ஜனாஸா நாளுக்குப் பிறகு அதுதான் முதல் தடவை என்று என்னிடம் சொன்னார். சொல்கிறபோது முகத்தில் மாற்றமில்லை. அளவு சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"வெண்டிட்டீங்கதானே. மறுகா என்ன எரிவு?" என்றேன்.

அப்போதுதான் மேலால கதையை விளக்கினார்.

"அழகரெத்தினம் பெரிய என்ஜினியருக்குப் பதில் சொல்லிட்டாரா?"

"வாற திங்கள் சொல்லப்போறார். மாட்டன் எண்டு."

"எதுக்காக?"

"காக்கா மாறிட்டார், இனி ரெண்டுபேரும் சேந்து எல்லாரையும் வெல்லலாம் எண்டு சொல்லிக்கொண்டு திரியிறார்." காலிப் போத்தலை நீட்டினார். "நான் சொல்லாத ஒண்டுக்காக அந்தப் புள்ள நுவரெலியாவ வேணாம் எண்டு சொல்லப்போகுது மிஸ்."

"ஞாயிறு சந்திப்பீங்கதானே?"

"ஓம்."

அவருக்குப் பின்னால் காய்ச்சல்காரக் குழந்தையோடு ஒரு தாய் நின்றாள். நான் போத்தலை மூடிக் கொடுத்துவிட்டுக் குழந்தையை வாங்கினேன். சொல்லுங்கள் என்றோ சொல்லாதீர்கள் என்றோ நான் சொல்லவில்லை. அவர் கேட்கவுமில்லை.

அந்த ஞாயிறும் இரண்டு பேருக்குச் சமைத்துக் கட்டிக்கொண்டு போயிருக்கிறார். எட்டுக் குழியும் ஆடிமுடித்து, கடைசிக் குழியில் அழகரெத்தினம் பந்தை வைத்துவிட்டு, "காக்கா, மேலாலதானே?" என்று கண்ணைச் சிமிட்டியபோது சொன்னார்.

"தம்பி, அண்டைக்கு நான் சொன்னது மேற்கை."

"எதை?"

"மேற்குப் பக்கத்தை. நம்மட ஊர்ல மேலால எண்டா அதுதான். தண்ணிக்கு மேலால போகச் சொல்லல்ல."

"பகிடி விடாதேங்கோ."

"பகிடியில்ல."

அழகரெத்தினம் சிரித்தார். பிறகு அவர் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். "அப்ப மேற்கால எண்டு கத்தியிருக்கலாமே காக்கா?"

"வாயில வந்தது அதுதான்."

"அப்ப எல்லாரிட்டயும் நான் சொன்னது…"

"ஓம். பிழைதான். நீங்க செய்யல்ல, நான்தான் அண்டைக்கே சொல்லியிருக்கோணும்."

அழகரெத்தினம் மட்டையைத் தரையில் ஒரு குத்துக் குத்தினார். பிறகு, "பாப்பம்," என்று தண்ணீருக்கு நேரே திரும்பி அடித்தார். பந்து வாய்க்காலில் விழுந்தது. இன்னொன்றை வைத்து அடித்தார். அதுவும் விழுந்தது. அடுத்ததை அடிக்கும்போது கை சுருங்கியது தூரத்திலிருந்தே தெரிந்ததாம். அது தண்ணீர்வரைகூடப் போகவில்லை.

"நீங்கள் சொன்னியள் எண்டுதான் அண்டைக்குப் போனது," என்றார்.

"தெரியும்."

"வாற வருசமும் இதில மேற்காலதான் எண்டு சொல்லுவியளோ?"

"மேற்காலதான்."

"ஒருக்காலும் தண்ணிக்கு மேலால எண்டு சொல்லமாட்டியள்?"

மீராசா யோசித்தார். அந்தக் கேள்விக்குப் பதில் எப்படிச் சொன்னால் அழகரெத்தினம் தங்குவார் என்பது அவருக்குத் தெரிந்துதான் இருந்தது. 'பாப்பம்' என்ற ஒரு சொல் போதும்.

"காத்து தெக்கால இருந்து முதுகில வந்தாச் சொல்லுவன்," என்றார். "அது வருசத்தில கொஞ்ச நாள்தான்."

அழகரெத்தினத்துக்குக் கோபம் வரவில்லை. மதகில் இருந்து இருவரும் சாப்பிட்டார்கள். மீன்குழம்பு நன்றாயிருக்கிறது என்றார். வழமையைவிட அதிகம் கதைத்தார், ஆனால் கோல்பைப் பற்றிக் கதைக்கவில்லை. போகும்போது, "உங்களில ஒரு பிழையும் இல்லைக் காக்கா. எனக்கு ஆரும் அடி எண்டு சொல்லவேணும். இல்லாட்டி நான் இஞ்சையே இருந்திடுவன்," என்றார்.

திங்கட்கிழமை பெரிய என்ஜினியருக்கு ஓம் என்று சொன்னார். அடுத்த மாதமே காரில் நுவரெலியாவுக்குப் போனார். அங்கே குளிரில் கம்பளிச் சட்டை வாங்கியதாகவும், எங்கே பார்த்தாலும் உண்மையான பச்சைப் புல்லாக இருந்ததாகவும் ஒருநாள் வைத்தியசாலைக்குத் தடுப்பூசிக்கு வந்தபோது சொன்னார். மீராசாவை விசாரித்தார். வந்து பார்ப்பதாகச் சொன்னார். வழியில் கண்டால் நின்று கதைப்பார், அதில் குறைவைக்கவில்லை. ஆனால் ஞாயிறுகள் பெரிய என்ஜினியருடையவை.

கிளப்பில் மீராசாவுக்கு வேறு சோடி கிடைக்கவில்லை. ஆள் தேடவுமில்லை. வெற்றி எப்படி வந்தது என்று கேட்டவர்களுக்கெல்லாம் அவரே உள்ளதைச் சொல்லிவிட்டார். கதை கேட்டுச் சிரித்தார்கள். அதோடு சோடாவும் நின்றது. மகள் சுஹறா ஒருமுறை ஜவுபரோடு வந்து, ஊருக்கு வந்து இருங்கள் வாப்பா என்று அழுதாள். "உன்ட புருசன் என்னத்தில இருக்கிற அப்ப?" என்று கேட்டு அனுப்பிவிட்டார். வருகிறேன் என்று சொல்லிச் சமாளித்திருக்கலாம். அந்தப் பழக்கம் அவரிடம் இல்லை.

நான் ஞாயிறு காலைக் கடமைக்குப் போகிற பாதை திடலின் கடைசிக் குழியை ஒட்டிப் போகும். நாலைந்து மாதம் கழித்து ஒருநாள் அவர் தனியே அடிக்க நிற்பதைக் கண்டேன். காற்று அதிகமில்லை. அவர் வழமைபோல மேற்கே பார்த்து நின்றார். வேலிக்கு இப்பால் நின்று கூப்பிட்டேன்.

"இப்பதான் உங்களுக்குப் பின்னால அடிக்க ஆருமில்லையே. தண்ணிக்கு மேலால ஒருக்கா அடிச்சுப் பாக்கிறதுதானே?"

எந்தக் கேள்வியையும் அவர் விளையாட்டாக எடுக்கமாட்டார். மட்டையை ஊன்றிக்கொண்டு வாய்க்காலை ஒரு தடவை அளந்து பார்த்தார்.

"தண்ணிக்க போனா எடுக்கணும் மிஸ். கரை வழுக்கும். ஒராள் இறங்கினா இன்னொராள் கையப் புடிக்கணும்."

"பந்தை விட்டுட்டு வாங்க."

"பந்த விடலாம்," என்றார். "அதில ஒண்டுமில்ல."

பிறகு திரும்பி நின்று அடித்தார். பந்து மேற்கே, தண்ணீருக்கு வெகு தூரத்தில், மட்டமான நல்ல தரையில் விழுந்தது. முழுக் கையையும் வீசி அடிக்கிற ஒருவருக்கு அதைவிட நல்ல இடம் கிடைக்காது. அவர் பையைத் தோளில் போட்டுக்கொண்டு அதை நோக்கி நடந்தார். அடுத்த அடியும் அவருடையதுதான்.